மண் நிறச் சட்டை

ஜய்சல்மேரின் பாலைவனத் தேசியப் பூங்காவைப் பார்த்து வருவதென்று தீர்மானமானது ஆடி மாதத்தில். ரயில் ஏறியது மார்கழியில். இடைப்பட்ட ஐந்து மாதங்களும் இந்தப் பிரயாணத்தின் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அறுபத்திரண்டு வயதுவரை நான் செய்த யாத்திரைகள் எல்லாம் கோயிலும் குளமும் ஆறும் உள்ள ஊர்களுக்கே ஆனபடியால், போகிற இடத்தில் ஜலம் இருக்கும், நிழல் இருக்கும், வழி கேட்டால் சொல்ல ஒரு மனிதர் இருப்பார் என்ற மூன்று நம்பிக்கைகளையும், அவற்றை நம்பிக்கைகள் என்று உணராமலே, எப்போதும் கூடவே கொண்டுபோயிருக்கிறேன். இந்தத் தடவை அவற்றை எடுத்துவைத்துப் பரிசீலிக்க வேண்டி வந்தது.

என் தமக்கையின் மகன் புல்வெளிப் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். ஆண்டில் பாதி நாள் ராஜஸ்தானத்தில்தான் இருக்கிறான். "என்னென்ன கொண்டுவர வேண்டும்?" என்று அவனுக்கு எழுதிக் கேட்டதற்கு, நான் எதிர்பாராத விதத்தில் பதில் வந்தது. "மாமா, கொண்டுவர வேண்டியவற்றை அப்புறம் எழுதுகிறேன், கொண்டுவர வேண்டாதவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வேண்டாம். அத்தர் வேண்டாம். திறந்த செருப்பு வேண்டாம். பறவையைப் பார்த்தே திரும்புவோம் என்ற எண்ணமும் வேண்டாம்" என்று எழுதியிருந்தான். நாற்பது வருஷமாக வெள்ளை உடுத்தி வருகிறவனுக்கு முதல் நிபந்தனையே கடினமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அவன் சொன்ன காரணத்தைப் படித்தபோது, மறுக்க ஒரு சொல்லும் எழவில்லை. நாங்கள் பார்க்கப் போகும் கானமயில், ஒரு மீட்டர் உயரத்துக்குக் கழுத்தை நிமிர்த்தி, மரமில்லாத சமவெளியில் அடிவானம்வரை பார்த்துக்கொண்டே நடக்கிற பறவை. வெகு தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அசைந்தாலும் அது மேய்ச்சலை நிறுத்திவிட்டு விலகிப் போய்விடும். அடைகாக்கிற காலத்தில் அப்படி விலகினால் தரையில் கிடக்கும் முட்டையைக் காகமும் நரியும் கொண்டுபோய்விடும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுகிற ஜாதி அது. நாங்கள் போவது முட்டையிடும் பருவம் அன்று. ஆயினும் பழக்கம் பழக்கந்தான் என்று முடித்திருந்தான். கடைத்தெருவில் எனக்கு நெடுங்காலமாகத் தைத்துக் கொடுக்கும் தையற்காரரிடம் போய், காய்ந்த சேற்றின் நிறத்தில் கதர்த்துணி வாங்கிக் கொடுத்து இரண்டு முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். என் பிரயாண ஆயத்தம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

பூங்காவைப் பற்றிச் சில விவரங்கள் சொல்லிவிடுகிறேன். ஜய்சல்மேர், பார்மேர் ஆகிய இரண்டு ஜில்லாக்களிலும் பரவிய அதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். 1980-இல் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஊரெல்லாம் தேசியப் பூங்கா என்று வழங்கினாலும், சட்டத்தின் கணக்கில் அது இன்றும் வனவிலங்குச் சரணாலயந்தான். தேசியப் பூங்கா என்றால் உள்ளே குடியிருப்புக்கும் மேய்ச்சலுக்கும் இடமில்லை; இங்கேயோ எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் அவற்றின் ஆடு, மாடு, ஒட்டகங்களும் பரம்பரையாக வாழ்கின்றன. பாலைவனம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுகிற மணல்மேடுகள் இந்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்றவை சரளைச் சமவெளியும், கல்மேடும், உப்புப் படிந்த பள்ளங்களும், சேவண் என்ற புல் விளைகிற வெளிகளுமாகும். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டுவதே அபூர்வம். கோடையில் உஷ்ணம் ஐம்பது டிகிரியை நெருங்கும். மார்கழி, தை இரவுகளிலோ சில நாள் பூஜ்யத்தின் பக்கம் இறங்கும். ஆகையால் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட காலமே வெளியூரார் போகத் தக்கது.

அந்தப் பறவையின் இன்றைய நிலைமையையும் இங்கேயே சொல்ல வேண்டும். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பெரும்பான்மையான வறண்ட புல்வெளிகளில் ஒரு காலத்தில் உலவிய கானமயில், இன்று உலகமெல்லாம் கூட்டினாலும் நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடுகிறது. அவற்றில் மிகப் பெரும்பங்கு இந்த ஜய்சல்மேர் வெளியில்தான் இருக்கிறது. 2011 முதல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. முட்டைகளை வெளியிலிருந்து சேகரித்துப் பொரிக்கவைத்து வளர்க்கும் ஒரு நிலையம் 2019-இல் சம் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் செயற்கை முறைக் கருவூட்டலால் முதற்குஞ்சு பிறந்தது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, உறவினர் வீட்டில் குழந்தை பிறந்ததைப் போன்ற ஒரு சந்தோஷம் எனக்கு உண்டாயிற்று. ராஜஸ்தானம் அதைத் தன் மாநிலப் பறவையாகக் கொண்டிருக்கிறது. தேசத்தின் பறவையாகவே அதை ஏற்க வேண்டும் என்று சாலிம் அலி வாதாடினார். மயிலைத் தேர்ந்தெடுத்தார்கள், அது தவறென்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனாலும் இவ்வளவு பெரிய பறவை இவ்வளவு சத்தமில்லாமல் நம் ஊர்களிலிருந்து மறைந்துபோயிற்றே, அதன் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டதே என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பாலை என்ற சொல்லை நாம் பழக்கிக்கொண்ட விதமும் இதற்கு ஒரு காரணமோ என்று சில இரவுகள் யோசித்துப் பார்த்தேன். தொல்காப்பியம் நான்கு நிலங்களுக்கும் தெய்வம் வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. மழை பெய்தால் மறுபடி முல்லையாகிவிடக்கூடிய தமிழ்நாட்டுக்கு அந்த இலக்கணம் முற்றும் பொருந்தும். ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு தார் பிரதேசத்தைப் பார்த்தால், அதுவும் ஏதோ ஒன்று கெட்டுப்போன நிலமாகத்தான் தென்படும். அது கெட்டுப்போன நிலம் அன்று. அதற்கே உரிய புல்லும் மரமும் பிராணியும் உண்டு. அங்கே பிறந்தவனுக்கு அது பூரணமான தேசம். அரசாங்கக் கணக்குகளில் புல்வெளியைத் தரிசு என்ற தலைப்பின்கீழ் எழுதிவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருவதால், அதை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற மனோபாவம் வளர்ந்துவிட்டது. கானமயில் அங்கேதான் முட்டையிடுகிறது.

என் ஆயத்தத்தில் பெரும்பகுதி ஜலத்தைப் பற்றியதே. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், மூன்று பேருக்கு நான்கு நாளைக்கு அறுபது லிட்டர், அவசரத்துக்கு இருபது சேர்த்து எண்பது என்று பேரேடு எழுதுவதுபோல் எழுதிவைத்தேன். இந்தக் கணக்கில் தவறில்லை. வண்டி பழுதாகி நின்றுவிட்டால் உயிரைக் காப்பது அதுதான். ஆயினும் அந்தக் கணக்கை எழுதி முடித்த வாரத்தில், ஹிந்தி தெரிந்த அடுத்த வீட்டு ஆசிரியை ஒருவர், அனுபம் மிஸ்ர எழுதிய 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, மாலை நேரங்களில் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்துகொண்டு, குளங்களைப் பற்றியும் பாலைவனத்து நீர்நிலைகளைப் பற்றியும் ஆயுள் முழுவதும் எழுதி, தம் நூல்களுக்குப் பதிப்புரிமை கொண்டாடாமல் யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட மகானுபாவர் அவர். அந்த மாலைகள் எனக்கு ஒரு பாடசாலையாக இருந்தன.

நாம் தண்ணீர் என்ற ஒரே சொல்லைச் சொல்லுகிற இடத்தில் அந்தப் பிரதேசத்து ஜனங்கள் மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து விழுந்து, ஓடியோ தேங்கியோ நேரே கைக்கு வரும் மழைநீர் பாலர் பானி. பூமியின் ஆழத்தில் கிணறு தோண்டி எடுக்கும் நீர் பாதாள பானி. அது அங்கே பெரும்பாலும் உப்பு. இவை இரண்டுக்கும் நடுவே ரேஜாணி பானி என்று ஒன்று உண்டு. மணலுக்குள் இறங்கிய மழை, ஆழத்து உப்புநீரோடு போய்க் கலந்துவிடாதபடி இடையில் ஜிப்சம் என்ற கல்லின் பாளம் தடுத்து நிறுத்த, அந்தப் பாளத்தின் மேல் ஈரமாகத் தங்கியிருக்கும் நீர் அது. அந்தப் பாளம் எங்கே ஓடுகிறதென்று அறிந்து, ஓர் ஆள் குனிந்து இறங்கும் அளவே அகலமான குழியை முப்பது முழம், அறுபது முழம் வரை தோண்டி, மணல் சரியாமல் புல்லை முறுக்கிய கயிற்றாலோ மரத்துண்டுகளாலோ உள்ளே சுற்றி அணைகட்டி, கூயி என்ற அந்தச் சிறுகிணற்றில் இரவெல்லாம் துளித்துளியாகக் கசிந்து சேர்வதை விடிந்ததும் இரண்டு மூன்று குடம் மொண்டுகொள்கிறார்கள். மணல் பிரித்துக் காட்டும் அந்த ஈரத்தை வாய் சிறுத்த குழிக்குள் வாங்குவதற்கு எத்தனை தலைமுறைகளின் கவனிப்பு வேண்டும்! வாயைச் சிறிதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. அகலமாகத் தோண்டினால் சேரும் சொற்ப நீரும் பரந்து, வாளி முழுகாமல் போகும், வெயிலும் குடித்துவிடும்.

டாங்கா என்பது வேறு. வீட்டு முற்றத்திலோ வெளியிலோ தரையை வட்டமாகச் சரித்து மெழுகி, அந்தச் சரிவில் பெய்யும் மழையை நடுவிலுள்ள நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கச் செய்யும் ஏற்பாடு. சரித்த வட்டத்துக்கு ஆகோர் என்று பெயர். மழைக்கு முன் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வது வீட்டுச் சடங்குகளில் ஒன்று. செருப்புக் காலோடு ஒருவரும் அதில் மிதிக்க மாட்டார்கள். ஜய்சல்மேரைச் சுற்றிப் பாலிவால் பிராமணர்கள் சமைத்த கடீன் என்பதோ, கல்மேட்டிலிருந்து ஓடிவரும் வெள்ளத்தை நீண்ட மண்கரையால் மறித்து, நிலம் அதைக் குடித்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவிக்கிற முறை. அந்தச் சமூகத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குல்தரா முதலிய தங்கள் கிராமங்களை விட்டுப் போய்விட்டார்கள். வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. கடீன்களில் பல இன்னும் விளைகின்றன. இப்போது இந்திரா காந்தி கால்வாய் இருக்கிறது. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நடந்து 1987-இல் ஜய்சல்மேர் ஜில்லாவை அடைந்த அந்த ஜலப்பிரவாகம் லட்சக்கணக்கானவர்களின் தாகத்தைத் தீர்த்திருக்கிறது. அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். இருந்தாலும், கால்வாய் வந்த இடங்களில் புல்வெளி உழவுக்குள் போயிற்று என்பதும், குழாய் வந்த வீட்டில் ஆகோரைப் பெருக்குவோர் குறைந்துபோகிறார்கள் என்பதும் மெய்.

இவ்வளவையும் கேட்ட பிறகு என் எண்பது லிட்டர்க் கணக்கைப் பார்த்தேன். அதை மாற்றவில்லை. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் வழக்கத்தை மட்டும் அன்றோடு விட்டேன். ஒரு சொம்பு நீரில் முகம் கழுவி, அரை வாளியில் குளித்து, மீந்ததைச் செடிக்கு ஊற்றிப் பழகினேன். பாலைவனத்தில் போய்ச் செய்ய வேண்டியதை விருத்தாசலத்தில் நாலு மாதம் முன்னமே செய்து பார்த்தால்தான் உடம்பு கேட்கும் என்பது என் அனுபவம்.

விருத்தாசலம் என்று சொன்னேன். என் சொந்த ஊர் அது. அங்கே விருத்தகிரீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் வன்னி. சிறு வயதில் பாட்டியோடு அந்த மரத்தை எத்தனையோ தடவை பிரதட்சிணம் செய்திருக்கிறேன். விஜயதசமி அன்று வன்னிமரத்தடியில் நடக்கும் அம்பு விடும் உற்சவத்தையும், பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம் அதுதான் என்ற கதையையும் அறியாத தமிழர் குறைவு. ஆனால் அந்த மரம் நிலத்தில் என்ன செய்கிறது, யாருக்கு உணவாகிறது என்ற யோசனை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஜய்சல்மேர் வெளியில் பெருமரம் என்று சொல்லத்தக்கது கேஜ்ரி ஒன்றே என்று மருமகன் எழுதியிருந்தான். தாவரப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அந்தக் கேஜ்ரியே எங்கள் வன்னி என்று தெரிந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

எங்களூரில் கும்பிடப்படுகிற இந்த மரம் அங்கே குடும்பத்தைப் போஷிக்கிறது. ராஜஸ்தானத்தின் மாநில மரமும் இதுவே. அதன் பச்சைக் காயைச் சாங்ரி என்று உலர்த்தி வைத்துக்கொண்டு, கைர் என்ற முட்புதரின் சின்னஞ்சிறு காயோடு சேர்த்து எண்ணெயில் வதக்கிக் கறி சமைக்கிறார்கள். இலைக்கு லூங் என்று பெயர். மாரிக்காலம் போய்க் குளிர் வந்ததும் கிளைகளைக் கழித்து அதை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகச் சேர்த்துவைப்பார்கள். வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டு பூமிக்குள் வெகு ஆழம் போகிறபடியால், வானம் பொய்த்த ஆண்டிலும் மரம் துளிர்க்கிறது. அதன் நிழலடியில் விதைத்த கம்பு, வெட்டவெளியில் விதைத்ததைவிட நன்றாக வருகிறது. 1899-ஆம் ஆண்டின் மகா பஞ்சத்தை, விக்கிரம சகாப்தத்தின் 1956-ஆம் வருஷத்திலுள்ள ஐம்பத்தாறை வைத்துச் சப்பனியா என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அத்தகைய பஞ்சங்களில் இந்த மரத்தின் பட்டையைக்கூட இடித்து மாவோடு கலந்து தின்று உயிர்தரித்த ஜனங்கள் உண்டு. 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி என்ற கிராமத்தில், அரண்மனை வேலைக்கென்று இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அமிருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டார். அவரும் அவரைப் பின்பற்றியவர்களுமாக பிஷ்ணோய் சமூகத்தார் 363 பேர் மாண்டார்கள். நிழல் இருக்குமா என்ற என் இரண்டாவது கேள்விக்கு விடை இப்படிக் கிடைத்தது.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணுக்காலை மூடிய பூட்ஸ். அதற்கு மேல் வழவழப்பான துணிப்பட்டை, ஏனென்றால் புரட் என்ற புல்லின் முள்விதை கம்பளிக் காலுறையில் ஒட்டினால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க ஒரு மணி நேரமாகும். பகலுக்குக் கதர்ச்சட்டை, இரவுக்குக் கம்பளி. தலைக்கு ஐந்து முழம் பருத்தித்துணி. தொப்பியைவிட அது மேல், மணற்காற்று எழுந்தால் அதையே மூக்குக்கும் வாய்க்கும் கட்டிக்கொள்ளலாம். ஓர் எட்டு மடங்குத் தூரக்கண்ணாடி, டார்ச் விளக்கு, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. வனத்துறைக்கும் எல்லைப்புறக் காவலுக்கும் காட்ட அடையாள அட்டையின் நகல்கள். சுருட்டை விரியன் அந்த மணலில் சர்வசாதாரணம் என்பதால், இருட்டில் விளக்கில்லாமல் காலை எடுத்துவைப்பதில்லை என்றும், பூட்ஸை உதறாமல் மாட்டுவதில்லை என்றும் எனக்கு நானே விதித்துக்கொண்டேன். பீவணா என்று அங்கே ஒரு கட்டுவிரியனைச் சொல்வார்கள். தூங்குகிறவனின் மார்பில் ஏறி மூச்சைக் குடித்துவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. மூச்சைக் குடிப்பதென்னவோ கதைதான். ஆனால் தரையில் படுத்துறங்குகிறவனை அது வலிக்காமல் கடித்துவிடுவது உண்டென்றும், கயிற்றுக் கட்டிலில் படுப்பதே உத்தமம் என்றும் அந்தக் கதை சொல்லிவைக்கிறது.

ரயிலில் இரண்டு இரவு. ஜோத்பூர் நிலையத்தில் மருமகன் காத்திருந்தான். என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டான். அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மேற்கே, பொக்ரானைத் தாண்டிப் போகப் போக மரங்கள் குள்ளமாகி, வீடுகள் ஒன்றுக்கொன்று விலகி, கடைசியில் திரிகூட மலைமேல் மஞ்சள் கல்லால் எழுந்த ஜய்சல்மேர்க் கோட்டை தென்பட்டது. 1156-இல் ராவல் ஜய்சல் ஸ்தாபித்த நகரம். அதன் மாளிகைகளைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். நான் நின்று பார்த்தது கடீசர் ஏரியை. கோட்டைக்கு ஜலம் வேண்டுமென்று இந்த ஏரியை வெட்டி, வருகிறவன் தாழ்ந்து படியிறங்கி மொண்டுகொள்ளும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

அனுமதிச் சீட்டுக்காக ஒரு நாள் காத்திருக்க நேர்ந்ததால், 17 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆகலுக்குப் போனோம். பதினெட்டுக் கோடி வருஷங்களுக்கு முன் காடாக நின்ற மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம். நம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களின் வயது இரண்டு கோடி வருஷம் என்பார்கள். அவற்றைப் பார்த்தே பிரமித்தவன் நான். ஒரு பெருமரத்தின் வளையங்கள் செங்கல் நிறத்தில் அப்படியே தெரிய, அதன் பக்கத்தில் கைவைத்து நின்றபோது, இந்த வெளி எத்தனை பெருமழையைக் கண்டிருக்கும் என்ற நினைவு வந்தது.

மறுநாள் வண்டிக்கான ஆயத்தம். ஓட்டுநர் அந்தப் பக்கத்துக் கிராமத்தார், ஐம்பது வயதிருக்கும். அவர் செய்த காரியங்களை நான் கூடவே இருந்து பார்த்தேன். உபரிச் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு, காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, இரண்டு பலகை, நாலு கோணிப்பை. மணலில் இறங்குமுன் சக்கரத்தின் காற்றை முப்பத்திரண்டு பவுண்டிலிருந்து பதினெட்டுக்கு இறக்கினால், டயர் ஒட்டகத்தின் பாதம்போல் அகன்று படிந்து மணலில் புதையாது என்று உள்ளங்கையைப் பரப்பிக் காட்டினார். கித்தானால் தைத்த சாகல் என்ற நீர்ப்பை ஒன்றை நிரப்பி வண்டியின் முன்பக்கம் கட்டினார். பையின் வெளிப்புறம் கசிந்து காற்றில் உலர உலர உள்ளேயுள்ள நீர் குளிர்ந்துபோகும். நான் வாங்கி அடுக்கியிருந்த பெரிய பிளாஸ்டிக் ஜாடிகளை எண்ணிப் பார்த்து, மருமகனிடம் ஏதோ கேட்டார். "நாலு நாளும் வண்டியை விட்டு இறங்காமலே இருக்கப் போகிறாரா பாபுஜி என்று கேட்கிறார், மாமா" என்றான் அவன். அந்தக் கேள்வியின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மேற்கே செல்லும் சாலையில் இரண்டு காட்சிகள் மனத்தை வருத்தின. ஒன்று, அடிவானம் முழுவதும் நின்ற காற்றாலைகளும் அவற்றை இணைக்கும் மின்கம்பிகளும். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. தரையையும் இருபுறத்தையும் நன்கு பார்க்கிற அந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரிவதில்லை. பத்துப் பதினைந்து கிலோ எடையோடு பறக்கிறதாகையால், கம்பி தெரிந்த பின்னும் சட்டென்று திரும்ப இயலாது. முக்கியமான பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் புதைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. நடைமுறைக் கஷ்டங்களை ஆராய்வதற்காக 2024 மார்ச்சில் நிபுணர் குழுவை நியமித்தது. சூரியனிடமிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பது தேசத்துக்கு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நூற்றைம்பது பறவைகளில் ஒவ்வொன்றும் கணக்கில் உள்ள நிலையில், எந்த வழியாகக் கம்பியைக் கொண்டுபோவது என்று யோசிக்கும் பொறுமையும் அதே அளவுக்கு அவசியம். மற்றொரு காட்சி, நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் சம் என்ற இடத்து மணல்மேடுகளின் மேல் ஒலிபெருக்கியும் மோட்டார் வண்டிகளுமாக நடந்த ஆரவாரம். அதே ஊரில்தான், சற்றுத் தள்ளி, அந்தக் குஞ்சுகளைச் சந்தடியில்லாமல் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுதாசரி என்ற காப்புப்பகுதிக்குச் சில மைல் இப்பால், பத்துப் பன்னிரண்டு வட்டக் குடிசைகள் உள்ள ஒரு கிராமத்தில் அன்று இரவு தங்குவதாக ஏற்பாடு. வண்டி நின்றதும், வெள்ளைத் தாடியுடன் ஒரு முதியவர் எதிரே வந்து, வலக்கையை மார்பில் வைத்துத் தலை தாழ்த்தினார். எங்களைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போனார். முற்றத்தின் கோடியில் சுண்ணாம்பு பூசிய ஆகோரின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, நடந்துபோய், டாங்காவின் சிறு கதவைத் திறந்து, வாளியை இறக்கினார். ஒரு பித்தளைச் சொம்பு நிறைய எடுத்துவந்து முதலில் என்னிடம் நீட்டினார்.

"நம்மிடம் வேண்டிய அளவு இருக்கிறதே, அவருக்கு ஏன் சிரமம்?" என்று மருமகனைக் கேட்டேன்.

"வாங்கிக் குடித்துவிடுங்கள், மாமா. அவர் வீட்டு ஆவணி மழை இது. வருகிறவனுக்கென்று சேர்த்துத்தான் அவர்கள் தொட்டியின் அளவையே கணக்கிடுவார்கள்" என்றான்.

குடித்தேன். இனிப்பு என்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு. மண்ணின் வாசனை இல்லை, குழாயின் வாசனை இல்லை. சொம்பின் அடியில் மீந்த இரண்டு வாய் நீரை நான் கீழே ஊற்றப்போனபோது, முதியவர் மெல்ல என் கையைப் பற்றிச் சொம்பை வாங்கி, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் முன்னிருந்த மண்சட்டியில் ஊற்றினார். முகத்தில் கோபம் இல்லை. அங்கே தண்ணீர் தரையில் விழ வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை.

இரவு கம்பு ரொட்டியும் கைர்-சாங்ரிக் கறியும். வன்னியின் காயை என் வாழ்நாளில் அன்றுதான் உண்டேன். லேசான துவர்ப்பும் புளிப்புமாக, உலர்ந்த கொத்தவரங்காயை நினைவூட்டும் ருசி. எங்களூர்க் கோயிலில் இந்த மரம் இருக்கிறது, அதைச் சுற்றிவந்து கும்பிடுகிறோம் என்று மருமகன் மூலம் சொன்னேன். முதியவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் நல்ல மழையாமே, அங்கே அதற்கு என்ன வேலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் தக்க பதில் சொல்ல முடியவில்லை. கிராமத்துக்கு அப்பால் ஓரண் என்று ஒரு புல்வெளி இருப்பதாகவும், அது ஒரு தேவதைக்கு விடப்பட்டதாகையால் அங்கே ஒரு குச்சியையும் ஒடிப்பதில்லை என்றும், தம் தகப்பனார் காலத்தில் அங்கே கோடாவண் கூட்டமாக வந்து நிற்கும் என்றும் அவர் சொன்னார். கானமயிலுக்கு அங்கே அதுதான் பெயர். கூட்டமாக என்று சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

விடிவதற்கு இரண்டு மணி முன்னதாக எழுந்தோம். குளிர் எலும்பில் இறங்கியது. பூட்ஸை உதறி மாட்டிக்கொண்டு, கம்பளிக்கு மேல் அந்த மண் நிறச் சட்டையைத் தளர்த்திப் போட்டுக்கொண்டேன். ஓட்டுநர் எங்கள் ஜாடிகளில் நாலை இறக்கி டாங்காவின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பாரம் குறைந்தால் வண்டி மணலில் லேசாகப் போகும் என்று சொன்னார். முதியவர் வேண்டாமென்று சொல்லவில்லை. தம்முடைய சாகலை எடுத்துவந்து எங்களுடையதன் பக்கத்தில் கட்டிவிட்டார்.

சுதாசரியின் கம்பிவேலி வாயிலில் காவலர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சீட்டை வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வாயிலைத் திறந்தார். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, வண்டியின் முகப்பு விளக்கைச் சுட்டினார். ஓட்டுநர் விளக்கை அணைத்தார், எஞ்சினையும் நிறுத்தினார். சேவண் புல்லில் காற்று உரசுகிற ஓசை கேட்கத் தொடங்கியது. கிழக்கு வெளுக்கும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.